செவிப்பறை

செக்காலை ரோட்டில் வாடகை கட்டாது என்று
பின்தெரு வீடொன்றின் முன்கட்டைப் பிடித்தேன்.
முட்டைச் சாந்து பூசிய சுவர்.
ஒரு தும்மலை மூன்றாக்கித் தரும்.
காது சோதிக்க இதைவிடப் பொருந்தாத இடம்
காரைக்குடியில் கிடைக்காது.
ஆணி அடிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.
வீட்டுக்காரர் ஈப்போவிலிருந்து
வீடியோ காலில் வருவார்,
சுவரைப் பார்ப்பார், வைத்துவிடுவார்.
ஆகவே அறைக்குள் ஓர் அறை செய்தேன்:
ஒட்டுப்பலகை, பஞ்சு, இரட்டைக் கண்ணாடி.
உள்ளே உட்கார்ந்தால்
நம் எச்சில் இறங்குவது நமக்கே கேட்கும்.

வைரவமூர்த்தி. நாற்பத்தேழு.
தொழில் என்ற கட்டத்தில் 'தவுல்' என்று
கட்டத்தை மீறி எழுதியிருந்தார்.
ஹெட்போனை மாட்டி, பொத்தானைக் கையில் கொடுத்து,
சத்தம் கேட்டால் அழுத்துங்க என்றேன்.

அழுத்தினார்.
முப்பது டெசிபல். இருபது. பத்து.
ஐந்துக்கும் அழுத்தினார்.
இருபத்தாறு வருஷம் வலந்தலைக்குப் பக்கத்தில் கிடந்த காதா இது?
பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட
இப்படி ஒரு வரைபடம் வந்ததில்லை.
சந்தேகப்பட்டு ஒலியை நிறுத்தினேன்.
அவர் நிறுத்தவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு
ஒன்றுமில்லாததற்கு அழுத்திக்கொண்டிருந்தார்.
என் விரல் எத்தனை நொடிக்கொருமுறை விழுகிறதென்று
முதல் நாலு தட்டிலேயே பிடித்துவிட்டிருக்கிறார்.

கணக்கைக் கலைத்தேன்.
ஒன்று விட்டு, மூன்று விட்டு, வேண்டுமென்றே இடறி.
கண்ணாடிக்குள்ளிருந்து முறைத்தார்:
"காலப்பிரமாணமே இல்லையேம்மா உங்க மிஷினுக்கு."

அதற்கப்புறம்தான் உண்மை இறங்கியது.
நாலாயிரம் ஹெர்ட்ஸில் பள்ளம்,
கோடையில் ஊருணிப் படி தெரிகிற மாதிரி.

இடது காதுக்குள் கேமராவை விட்டேன்.
திரையில் சவ்வு:
சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு,
சிப்பியின் உள்பக்கச் சாம்பல்.
கீழே ஒரு ஓட்டை, மிளகு நுழையலாம்.
"தைப்பூசத்துல அதிர்வேட்டு,
காதுக்குப் பக்கத்துலயே வச்சுட்டான்" என்றார்.
திரையை ரொம்ப நேரம் பார்த்தார்,
கடையில் தோல் பார்க்கிறவரைப் போல.
"தட்டு மாத்தணுமா?"
மாத்த வேண்டாம், மதுரையில் ஒட்டுப் போடுவார்கள் என்றேன்.
"என்ன தோலு?"
உங்களுதுதான், காதுக்குப் பின்னாலிருந்து எடுப்பார்கள்.
"அப்பச் சரி. வேற தோலுன்னா பதப்படுத்த நாளாகும்."

அடுத்தவர் சேவுகன்.
தொழில் என்ற கட்டம் காலி.
என்ன வேலை செய்றீங்க?
காதில் விழாத மாதிரி இருந்தார்,
விழாமலும் இருக்கலாம்.
மறுபடி கேட்டேன்.
"அடிக்கிறதுங்க."
எதை என்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
இடது உள்ளங்கையில் தீக்காயத்தின் பழைய வழுவழுப்பு.
காய்ச்சக் காய்ச்ச வந்தது.

அவர் சவ்வு இரண்டும் முழுசு.
நரம்புதான் போயிருந்தது.
இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக
ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
நாலாயிரத்தில் ஒரே பள்ளம்.
ஒருவர் சப்பரத்துக்கு முன்னால் நடந்தவர்,
ஒருவர் பாடைக்கு முன்னால்.
இதை எங்கே எழுதுவது? தாளில் இடமில்லை.

வெளியே ஒரே பெஞ்சு.
மருந்துச் சீட்டுக்காக இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்,
நடுவில் மூன்றாவது ஆளுக்கு இடம் விட்டு.
சேவுகன் கேட்டார்:
"காதுக்குள்ள கண்ணாடித்தாளாட்டம் காட்டுனீங்களே,
அதுக்குப் பேரு என்னங்க?"

செவிப்பறை.

"என்னது?"

செவிப்பறை.

"செவிப்..?"

பறை! என்று கத்தினேன்.
பறை, என்றது கிழக்குச் சுவர்.
பறை.
பறை.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.
"எல்லாரு காதுலயுமா?"

வைரவமூர்த்தி
நல்ல காதை இந்தப் பக்கம் திருப்பினார்.

அந்நேரம் பார்த்து ஈப்போவிலிருந்து போன்.
யாரோ கத்தினதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.
"சுவத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"